செங்கல்பட்டு மாநாட்டுக் கல்வித் தீர்மானம்

1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் செங்கல்பட்டில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்த முதலாவது சென்னை மாகாண சுயமரியாதை மாநாட்டில் நிறைவேறிய தீர்மானங்களுள் ஒன்று. அரசுப் பணம் தொடக்கப் பள்ளிக்கா, கல்லூரிக்கா என்ற வழக்கில் இவ்வளவு ஒளிவுமறைவின்றிப் பேசிய தீர்மானம் தமிழகத்தில் அரிது. ஆரம்பக் கல்வியைப் பொதுநிதியிலிருந்து கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும். உயர்தரக் கல்விக்கு அந்நிதியைத் தொடக்கூடாது. சர்க்கார் தேவைக்காகச் செலவிட நேர்ந்தால் மாணவர்களை வகுப்புவாரி விகிதப்படி எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆரம்பப் பள்ளிகளில் ஆசிரியராகப் பெண்களையே அமர்த்த வேண்டும் என்றும் மாநாடு கேட்டது.

இந்தக் கோரிக்கைக்குப் பின்னணி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இலேயே வந்துவிட்டது; ஆரம்பக் கல்வியோ பின்தங்கியே நின்றது. ஆரம்பக் கல்விக்கே முதலிடம் தர வேண்டுமென்று 1882இல் அமைந்த ஹண்டர் குழு சொல்லியும் நிலைமை அதிகம் மாறவில்லை. 1920ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் கட்டாயக் கல்வியை உள்ளாட்சிகளின் விருப்பத்துக்கு விட்டது. மாகாணத்தில் ஏறத்தாழ பத்துப் பேரில் ஒருவருக்கே எழுத்தறிவு இருந்தது. நிலவரியும் கள்ளு, சாராய வரியும் கட்டியவர் உழவரும் கூலிக்காரரும். கல்லூரி இருக்கைகளில் அமர்ந்தவர் பெரும்பாலும் வேறு சிலர். தீர்மானத்தின் கோபம் படிப்பின் மேல் அல்ல, இந்தக் கணக்கின் மேல்தான்.

ஆனால் அதில் ஓர் இடறல் உண்டு. அரசு கைவிட்டால் கல்லூரி காசுள்ளவனுக்கு மட்டுமே திறந்திருக்கும். உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியரும் கல்லூரி வழியாகத்தான் வர வேண்டும். உயர்கல்விக்குப் பணமில்லை என்ற பகுதியைப் பின்வந்த எந்த அரசும் ஏற்கவில்லை. அதே 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. செங்கல்பட்டிலேயே 1965இல் அரசு மருத்துவக் கல்லூரி எழுந்தது. மாமல்லபுரத்தில் 1957இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் பிறகு கல்லூரியாக வளர்ந்தது. கல்தச்சர் தொழிலை அரசுச் செலவில் பட்டப்படிப்பாக்கியதை வீண் செலவென்று சொல்ல மனம் வராது. இன்று சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்கு வரும் ஜி.எஸ்.டி. சாலை நெடுகத் தனியார் பல்கலைக்கழகங்களின் வளைவுகள் நிற்கின்றன. அங்கே இடம் கிடைப்பதைக் கட்டணமும் தீர்மானிக்கிறது.

நிலைத்தவை மற்ற இரண்டு கூறுகள். வகுப்புவாரி விகிதம் பின்னாளில் இடஒதுக்கீடாக விரிந்தது. தொடக்கக் கல்விக்கு காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் பள்ளிகளும் 1956 முதல் மதிய உணவும் வந்தன. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய நாடு தழுவிய சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.