சிகரெட் அட்டையில் ஒரு வரலாறு

அகலம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உயரம் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மிகுதி. அவ்வளவே அந்த அட்டை. ஆரஞ்சு நிறப் பின்னணியில், நடுவகிடு எடுத்துத் தலைவாரிய ஒருவரின் மார்பளவுப் படம் அதில் அச்சாகியிருக்கிறது. சட்டையில் ‘பிட்ஸ்பர்க்’ என்னும் ஊர்ப்பெயர். 1909-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் சிகரெட் பெட்டிக்குள் இலவசமாக வைத்துக் கொடுத்த அட்டை இது. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இதன் பிரதி ஒன்று 72 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. அது பளபளப்புக் குன்றாத பிரதியும் அன்று. பழைய அட்டைகளைச் சோதித்து மதிப்பெண் இடும் நிறுவனம் அதற்கு 10-க்கு 2 மதிப்பெண்தான் அளித்திருந்தது!

படத்தில் இருப்பவர் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர். பேஸ்பால் நமக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஆட்டம். கிரிக்கெட்டைப் போல் மட்டையும் பந்தும் கொண்டு ஆடுவது. சதுரமான ஆடுகளத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் உண்டு. பந்தை அடித்தவர் மூன்று தளங்களையும் வரிசையாகத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். அமெரிக்கர்களுக்கு இந்த ஆட்டத்தின் மீது உள்ள பற்று சாதாரணமானதன்று. அந்தப் பற்றின் ஒரு கிளைதான் பழைய மட்டை, பந்து, சீருடை, நுழைவுச் சீட்டு, படம் ஆகியவற்றைத் தேடிச் சேர்க்கும் பொழுதுபோக்கு.

சிகரெட் பெட்டிக்குள் ஆட்டக்காரரின் படம் எப்படி வந்தது? 1880-களின் தொடக்கம் வரை சிகரெட்டைக் கையால் சுருட்டி வந்தார்கள். அப்போது பான்சாக் என்ற இளைஞர் சிகரெட் சுருட்டும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒரு நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சிகரெட்டுகளை அது உருட்டித் தள்ளியது. சரக்கு பெருகிவிட்டது, வாங்குவோரைப் பெருக்க வேண்டாமா? அந்நாளில் சிகரெட்டை மெல்லிய காகிதப் பொதியில் விற்றார்கள். பைக்குள் வைத்தால் அது நசுங்கிவிடும். நசுங்காமலிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டையைச் செருகினார்கள். வெறும் அட்டையாக விடுவானேன்? நடிகையர், பறவைகள், நாட்டுக் கொடிகள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள் என்று படங்களைப் போட்டு, வரிசையைப் பூர்த்தி செய்யும் ஆசையையும் மூட்டினார்கள்.

1886 முதல் 1890 வரை ‘ஓல்ட் ஜட்ஜ்’ என்ற சிகரெட்டுடன் வந்த அட்டைகள் மிகச் சுவையானவை. அவை அச்சிட்ட ஓவியங்கள் அல்ல. உண்மையான புகைப்படங்களை அட்டையில் ஒட்டியவை. ஓடும் ஆட்டத்தைப் படம் பிடிக்கும் அளவுக்கு அன்றைய காமிரா விரைவு கொண்டதன்று. ஆகவே ஆட்டக்காரரைப் படநிலையத்துக்கு அழைத்து வந்து, கூரையிலிருந்து ஒரு பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதைப் பிடிப்பதுபோல் நிற்கச் சொன்னார்கள். பல அட்டைகளில் அந்தக் கயிறு இன்றும் நன்றாகத் தெரிகிறது. கயிற்றை மறைக்க ஒருவரும் மெனக்கெடவில்லை. அன்றைய மட்டையின் பருமன், காலணி, கையுறை இல்லாத வெறுங்கை ஆகியவற்றை நாம் நம்பிப் படிக்க முடிவது இத்தகைய படங்களால்தான்.

வாக்னர் படம் இதற்குப் பிந்திய காலத்தது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட இவ்வரிசையில் 500-க்கும் மேற்பட்ட அட்டைகள் உண்டு. இவை கல்லச்சு முறையில் பல வண்ணங்களில் அச்சிட்டவை. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்ற எளிய உண்மையே கல்லச்சின் அடிப்படை. எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்த இடம் மட்டும் அச்சு மையைப் பற்றிக்கொள்ளும். ஈரமான மற்ற இடங்கள் மையை விலக்கிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே அச்சிட்டு, பெரிய தாள்களைப் பின்னர் சிறு அட்டைகளாக வெட்டினார்கள். இந்த வெட்டுதலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். கதையின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

வாக்னர் தம் படம் சிகரெட்டுடன் வெளிவருவதை விரும்பவில்லை. அச்சிடுவது விரைவிலேயே நின்றுபோயிற்று. சிறுவர்கள் தம் படத்துக்காகப் புகையிலை வாங்கக் கூடாது என்பதே காரணம் என்று ஒரு சாரார் கூறுவர். அவர் புகையிலை மெல்லும் வழக்கமுள்ளவர், ஆகவே பணம் தராததுதான் காரணம் என்பது மற்றொரு சாராரின் வாதம். புகையிலை மெல்லும் ஒருவர் பிள்ளைகள் அதைப் பழகலாகாது என்று நினைப்பதில் முரண்பாடு இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை. எப்படியிருப்பினும், இன்று அறியப்பட்டுள்ள வாக்னர் பிரதிகள் சுமார் 60 மட்டுமே. அவர் ஆட்டத்தில் சாமானியர் அல்லர். தேசிய லீக்கில் எட்டு முறை அடிப்பதில் முதலிடம் பெற்றவர். 1936-ஆம் ஆண்டு பேஸ்பால் புகழ் மன்றத்துக்கு முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவருள் ஒருவர்.

ஏனைய அட்டைகளும் எளிதில் தப்பிப் பிழைக்கவில்லை. கடை வாசலில் நின்று, சிகரெட் வாங்கி வரும் பெரியவர்களிடம் சிறுவர்கள் அட்டையைக் கேட்டு வாங்குவார்கள். சுண்டி எறிந்து ஆடுவார்கள். சுவரில் ஆணி அடித்து மாட்டுவார்கள். வீட்டைத் துப்புரவு செய்யும் தாய்மாரால் குப்பைக்குப் போனவை எத்தனையோ! இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதத்தைச் சேகரிக்கும் இயக்கம் நடந்தது. அதில் கூழானவையும் ஏராளம்.

இந்தக் குப்பையை வரலாறாக மதித்த மனிதர் ஒருவர் இருந்தார். ஜெஃபர்சன் பர்டிக் என்பது அவர் பெயர். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில், மின்கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். 1900-இல் பிறந்தவர், மணம் செய்துகொள்ளவில்லை. மூட்டுவாதம் அவரைக் கடுமையாக வாட்டியது. செல்வம் கிடையாது. ஆயினும் சிகரெட் அட்டை, மிட்டாய் அட்டை, வாழ்த்து அட்டை, விளம்பரச் சீட்டு என்று 3 இலட்சத்துக்கும் அதிகமான அச்சுத் துண்டுகளைத் திரட்டினார். அவற்றுள் பேஸ்பால் அட்டைகள் மட்டும் சுமார் 30,000.

திரட்டியதைவிடப் பெரிய செயல் அவர் அவற்றை வகைப்படுத்தியதாகும். தாவரவியலார் செடிகளைக் குடும்பம், இனம் என்று பிரிப்பதுபோல் இவரும் பிரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘என்’ எழுத்து; இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘டி’; பழைய மிட்டாய் அட்டைகளுக்கு ‘ஈ’. ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண். வாக்னர் அட்டை உள்ள வரிசை ‘டி 206’ ஆயிற்று. உலகெங்கும் சேகரிப்போர் இன்றும் அந்தப் பெயரால்தான் அதை அழைக்கிறார்கள். 1939-இல் வெளிவந்த அவரது பட்டியல் நூல் பின்னர் விரிந்து பல பதிப்புகள் கண்டது. அதன் 1960-ஆம் ஆண்டுப் பதிப்பில் வாக்னர் அட்டைக்கு அவர் போட்டிருந்த விலை 50 டாலர். சில காசுகள் விலையுள்ள அட்டைகளுக்கு நடுவே அதுவே மலைக்க வைக்கும் தொகை!

பர்டிக் தம் சேகரம் முழுவதையும் நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்கு நன்கொடையாக எழுதி வைத்தார். 1947 முதல் பகுதி பகுதியாக அனுப்பத் தொடங்கி, பின்னர் தாமே அங்குச் சென்று, ஒவ்வொரு துண்டையும் ஆல்பத்தில் ஒட்டும் வேலையில் ஈடுபட்டார். விரல்கள் மடங்க மறுத்தன. கோட்டைக் கழற்றி மாட்டுவதே பெரும்பாடு. 1963 ஜனவரி 10-ஆம் நாள் கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தவர், இரண்டு மாதத்தில் காலமானார்.

‘ஒட்டினாரா? பசையால் ஒட்டினாரா?’ என்று இன்றைய அட்டை வணிகர் பதறுவார். ஆம்; சந்தையின் கணக்கில் பின்புறம் பசை பட்ட அட்டை பழுதுபட்ட அட்டை. இதற்கு எதிர்மாறான வேறொரு கதையையும் கேளுங்கள்.

1985-ஆம் ஆண்டில் வாக்னர் அட்டையின் ஒரு பிரதியைப் பில் மாஸ்ட்ரோ என்ற வணிகர் 25,000 டாலருக்கு வாங்கினார். ஈராண்டில் அது 1 இலட்சத்து 10 ஆயிரத்துக்கு விற்றது. 1991-இல் ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவர் பங்காளியும் ஏலத்தில் 4 இலட்சத்து 51 ஆயிரத்துக்கு எடுத்தார்கள். மதிப்பெண் நிறுவனம் அதற்கு 10-க்கு 8 அளித்தது. வாக்னர் அட்டையில் இவ்வளவு கூர்மையான மூலைகளை எவரும் கண்டதில்லை. 2000-இல் 12 இலட்சத்தைத் தாண்டியது. 2007-இல் 28 இலட்சம் டாலருக்குப் போயிற்று. எண்பதாண்டுக் காலம் மூலை மழுங்காமல் ஓர் அட்டை இருந்ததெப்படி என்ற ஐயம் மட்டும் சேகரிப்போரிடையே ஓயவில்லை. 2013 அக்டோபரில் விடை கிடைத்தது. ஏல மோசடி வழக்கொன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாஸ்ட்ரோ, அந்த அட்டையின் பக்க ஓரங்களைத் தாம் கத்தரித்ததையும் ஒப்புக்கொண்டார். 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

சோதனையில் இது அகப்படாதா என்று கேட்கலாம். போலியைப் பிடிப்பது ஒப்புநோக்க எளிது. 1950-க்குப் பின் செய்த வெள்ளைத் தாள்கள் பெரும்பாலானவற்றில் வெண்மையைக் கூட்டும் ஒளிர்பொருள் சேர்ந்திருக்கும். இருட்டறையில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அது நீலவெண்மையாக ஒளிரும். 1909-ஆம் ஆண்டு அட்டை ஒளிராது. ஆனால் கத்தரித்த அட்டை போலியன்று. தாளும் மையும் உண்மையானவை. எனவே புற ஊதாக் கதிர் இங்கே உதவாது. அளந்து பார்க்கலாமென்றால், ஆலையில் வெட்டும்போதே அட்டைக்கு அட்டை அளவு சிறிது மாறியிருக்கிறது. சற்றுப் பெரிதாக வெட்டுண்ட அட்டையைக் குறைத்தாலும் வழக்கமான அளவே மிஞ்சும். எஞ்சியது ஓரம்தான். பழைய ஓரத்தில் தாளின் நார்கள் தேய்ந்து, மட்கி, காற்றும் அழுக்கும் பட்டு நிறம் மாறியிருக்கும்; புதிய வெட்டு உருப்பெருக்கியின் கீழ் சுத்தமாகவும் கூராகவும் தெரியும். அதையும் தேர்ந்த கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த ஓரத்தில் என்ன இருந்தது? ஆலையின் வெட்டு இருந்தது. எத்தனை கைகள் பட்டன என்பதற்கான தேய்மானம் இருந்தது. விலையை ஏற்றிய கத்தி அந்தச் சாட்சியத்தை நீக்கிவிட்டது. பசை தடவிய பர்டிக் ஒரு துளியையும் வெட்டவில்லை. எந்தக் கம்பெனி, எந்த வரிசை என்னும் அடையாளத்தோடு ஒவ்வொரு துண்டையும் அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார். இருவரில் எவர் அட்டையைப் பழுதாக்கினார் என்பதில் எமக்கு ஐயமில்லை.

சாட்சியம் என்ற சொல்லை மிகைப்படுத்தவில்லை. பேஸ்பாலின் பிறப்பைப் பற்றிய கதையே ஒரு பழம்பொருளால் தடம் மாறியதுண்டு. இந்த ஆட்டம் இங்கிலாந்துச் சிறுவர் விளையாட்டிலிருந்து வந்தது என்று இதழாளர் ஹென்றி சாட்விக் எழுதினார். விளையாட்டுப் பொருள் வணிகர் ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு அது பிடிக்கவில்லை. 1905-இல் அமைந்த குழுவொன்று, முதியவர் ஒருவரின் கடிதத்தை நம்பி, 1839-இல் கூப்பர்ஸ்டவுன் என்னும் ஊரில் ஆப்னர் டபிள்டே இதைப் படைத்தார் என்று முடிவு கூறிற்று. 1839-இல் டபிள்டே அந்த ஊரிலேயே இல்லை. வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார்! 1930-களின் நடுவில் கூப்பர்ஸ்டவுனுக்கு அருகில் ஒரு பண்ணை வீட்டுப் பெட்டியில் துணி அடைத்த பழைய பந்து ஒன்று அகப்பட்டது. தையல் இயந்திரச் செல்வத்தின் வாரிசான ஸ்டீபன் கிளார்க் அதை 5 டாலருக்கு வாங்கிக் காட்சியில் வைத்தார். ‘டபிள்டே பந்து’ என்ற பெயர் நிலைத்தது. 1939-இல் திறந்த புகழ் மன்றத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் அந்தப் பந்தே வித்து. பந்து பழையதுதான், ஆனால் டபிள்டே அதைத் தொட்டார் என்பதற்குச் சான்று எதுவுமில்லை.

கதையைத் திருத்தியதும் பழம்பொருள்களே. இலண்டனில் 1744-இல் வெளியான சிறுவர் நூலொன்றில் பேஸ்பாலின் பெயர் வருகிறது. அமெரிக்காவின் பிட்ஸ்ஃபீல்டு ஊரார் 1791-இல் புதிய சபைக் கட்டடத்தின் சன்னல்களைக் காக்க, அதிலிருந்து 80 கஜத்துக்குள் பேஸ்பால் ஆடலாகாது என்று விதித்த ஆணை 2004-இல் வெளிச்சத்துக்கு வந்தது. சன்னல் உடையுமே என்ற கவலை ஓர் ஆட்டத்தின் வயதைக் காட்டிக் கொடுத்தது!

இன்னொன்று, 1857-ஆம் ஆண்டு மாநாட்டுக்காக டாக்டர் டேனியல் ஆடம்ஸ் தம் கைப்பட எழுதிய விதிகள். தளத்துக்குத் தளம் 90 அடி, அணிக்கு 9 பேர், ஆட்டத்துக்கு 9 சுற்று என்னும் இன்றைய அமைப்பு அங்கே உருவாவதைக் காணலாம். 1999-இல் அத்தாள்கள் 12,650 டாலருக்கு ஏலம் போயின. அவை என்னவென்று அப்போது யாருக்கும் சரிவரத் தெரியாது. கையெழுத்தை ஒப்பிட்டு, அடித்தல் திருத்தல்களைப் படித்து ஆராய்ந்தபின், 2016-இல் அதே தாள்கள் 32 இலட்சத்து 60 ஆயிரம் டாலர் பெற்றன. ஒரு சொல்லை அடித்து வேறு சொல் எழுதிய இடங்கள்தாம் அவற்றில் விலைமதிப்பற்றவை.

மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தின் பர்டிக் ஆல்பங்களிலும் ஒரு வாக்னர் அட்டை உண்டு. அதற்கு மதிப்பெண் எதுவும் கிடையாது. அது ஏலத்துக்கு வந்ததுமில்லை. ‘டி 206’ வரிசையில், தன் கூட்டாளிகளோடு, அவர் வைத்த இடத்தில் இருக்கிறது.