சொல்லப்படாத அவசரம்: பணியிடத் தவறான புரிதலும் பண்பாட்டு விளக்கத்தின் எல்லையும்

1990 ஜனவரி 25 இரவு, கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஆவியாங்கா 52 விமானம் எரிபொருள் தீர்ந்து லாங் ஐலண்டின் கோவ் நெக் பகுதியில் விழுந்தது. விமானத்தில் இருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர். வானிலை மோசமாக இருந்ததால் மூன்று இடங்களில் மொத்தம் 1 மணி 17 நிமிடம் அது வானிலேயே சுற்ற வைக்கப்பட்டிருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பது விமானிகளுக்குத் தெரியும். அது எவ்வளவு பெரிய நெருக்கடி என்பது தரைக் கட்டுப்பாட்டாளர்களுக்குத் தெரியாது.

இந்த விபத்தைப் பண்பாட்டுக் காரணத்தால் விளைந்த பணியிடத் தவறாகப் பார்ப்பது இன்று வழக்கமாகிவிட்டது. பண்பாட்டு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டீட் 1980இல் விரித்துரைத்த ‘அதிகார இடைவெளி’ (அதிகார ஏற்றத்தாழ்வை ஒரு சமூகம் எந்த அளவுக்கு இயல்பாக ஏற்கிறது என்பது) என்ற கருத்தும், அதைப் பொது வாசகரிடம் கொண்டுசேர்த்த மால்கம் கிளாட்வெல்லின் ‘அவுட்லையர்ஸ்’ (2008) நூலும் இதற்கு அடிப்படை. மேலிருப்பவரிடம் பணிந்து பேசிப் பழகிய சமூகத்தைச் சேர்ந்த துணை விமானி, அதட்டலாகப் பேசும் நியூயார்க் கட்டுப்பாட்டாளரிடம் அழுத்திச் சொல்லத் தயங்கினார் என்பது அவ்விளக்கம். இதில் உண்மை உண்டு. ஆனால் இதையே முழுக் காரணமாகக் கொண்டால் பழி முழுவதும் கீழிருப்பவரின் பிறப்பிடத்தின் மேல் விழுகிறது; திருத்தமும் தவறான இடத்தில் தொடங்குகிறது.

அன்றைய உரையாடலின் வரிசையைப் பார்த்தால் இது விளங்கும். மூன்றாவது சுற்றின்போது துணை விமானி முன்னுரிமை வேண்டும் என்றார். இன்னும் ஐந்து நிமிடம்தான் காத்திருக்க முடியும் என்றார். மாற்று நிலையமான பாஸ்டனுக்கு இனிப் போக இயலாது என்றும் சொன்னார். பாஸ்டன் பற்றிய செய்தி அடுத்த கட்டுப்பாட்டாளருக்குப் போய்ச் சேரவில்லை. முதல் தரையிறக்க முயற்சி தவறியபின், அவசரநிலை என்று அறிவிக்கும்படி தலைமை விமானி கூறினார். துணை விமானியோ, திசை மாற்றும் ஆணையை ஏற்றுக்கொள்ளும் வாக்கியத்தின் வாலாக, எரிபொருள் தீர்கிறது என்று சேர்த்துச் சொன்னார். சொல்லியாயிற்று என்று தலைமை விமானி நம்பினார். அதன்பின் கட்டுப்பாட்டாளர், பதினைந்து மைல் வடகிழக்கே கொண்டுபோய்த் திருப்புகிறேன், உங்களுக்கும் எரிபொருளுக்கும் அது சரிதானே என்று கேட்டார். சரி என்றே நினைக்கிறேன், நன்றி என்று பதில் வந்தது.

என் வாதம் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. அது அக்கறையோடு கேட்கப்பட்ட கேள்வி. ஆனால் ‘சரி’ என்ற விடையைத் தன்னுள்ளேயே வைத்திருந்த கேள்வி. எத்தனை நிமிடத்துக்கு எரிபொருள் இருக்கிறது என்று கேட்டிருந்தால், எவ்வளவு பணிவான மனிதரும் ஓர் எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பணிவு கொலம்பியருக்கு மட்டும் உரியதன்று. 1978 டிசம்பர் 28 அன்று போர்ட்லண்ட் அருகே யுனைடெட் 173 விமானமும் எரிபொருள் தீர்ந்துதான் விழுந்தது; பத்துப் பேர் இறந்தனர். சக்கரக் கோளாற்றில் தலைமை விமானி மூழ்கியிருக்க, மற்ற இருவரும் எரிபொருள் குறைவதைச் சுட்டினார்கள், வற்புறுத்தவில்லை. அமெரிக்க நிறுவனம், அமெரிக்க விமானிகள், எல்லோருக்கும் ஒரே தாய்மொழி. வெளிப்படையான பேச்சுக்குப் பெயர்போன நாட்டிலும் பதவி வாயடைத்தது. இவ்விபத்துக்குப் பின்னரே விமானக் குழுவினர் சேர்ந்து முடிவெடுக்கும் பயிற்சி உருவெடுத்தது. யுனைடெட் 1981இல் அதைத் தொடங்கியது.

ஆவியாங்கா விசாரணையில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், அவசரநிலையை விமானிகள் தெரிவிக்கத் தவறியதை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டது. எரிபொருள் குறைவை உணர்த்த இரு தரப்புக்கும் பொதுவான, வரையறுத்த சொற்கள் இல்லாததையும் துணைக் காரணமாகச் சேர்த்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் 2012இல் ‘குறைந்தபட்ச எரிபொருள்’, ‘மேடே எரிபொருள்’ என்ற இரு அறிவிப்புகள் இடம்பெற்றன. தரையிறங்கும்போது, எப்போதும் மிச்சமிருக்க வேண்டிய இறுதி இருப்புக்கும் குறைவாகவே எரிபொருள் மிஞ்சும் என்று கணக்குக் காட்டினால், இரண்டாவதை அறிவிப்பது கடமை. துணிவைச் சார்ந்திருந்த ஒன்று கணக்கைச் சார்ந்ததாயிற்று. யாரும் தம் பண்பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலும் இதே வழியில் செல்கிறது. கத்தி வைக்குமுன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும். புதுதில்லி, மணிலா, லண்டன் உள்ளிட்ட எட்டு நகரங்களில் நடந்த ஆய்வில் இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பட்டியல் மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை; ஆனால் ஒரே விதி இத்தனை வேறுபட்ட சமூகங்களில் செல்லுபடியானது என்பது கவனத்துக்குரியது.

விமானத்துக்கும் அறுவை அறைக்கும் பொருந்துவது நம் தொழிற்சாலைகளுக்கும் பொருந்தும். சென்னை அருகே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் கொரிய, ஜப்பானிய மேலாளர்களும் தமிழ்ப் பொறியாளர்களும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். “முடிஞ்சிடுமா?” என்ற கேள்விக்கு “முடிச்சிடலாம் சார்” என்று வரும் விடை பெரும்பாலும் மரியாதைதான், உறுதிமொழி அன்று. இதை அறியாத மேலாளர் பின்னர் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார்; பொறியாளரோ தம் நெருக்கடி அவருக்கே புரிந்திருக்கும் என்று நினைக்கிறார். ஒருவர் நாட்டுப் பழக்கவழக்கத்தை மற்றவருக்கு வகுப்பெடுப்பது நல்லதே, ஆனால் போதாது. எந்த வேலை பாக்கி, எத்தனை மணி நேரம் தேவை, எந்தப் பொருள் வந்து சேரவில்லை என்று கேட்கும் படிவம் ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் நிரப்பப்பட வேண்டும். குறிப்பிட்ட அளவு தாமதமானால் தெரிவிப்பது கடமை என்றும், தெரிவித்தவரைக் கடிந்துகொள்ளக் கூடாது என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். இவ்விதிகளை எழுதும் அதிகாரம் மேலிருப்பவரிடமே இருப்பதால், முதல் பொறுப்பும் அவருடையதே.