நாடா கேட்டதும் கேட்காததும்

1960-களில் லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனையின் ஒரு பிரிவில் டேப் ரெக்கார்டர் ஓடத் தொடங்கியது. காய்ச்சல், இருமல் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்பதிவின்றி ஓடிவரும் தாய்மார்களுக்கான பிரிவு அது. டாக்டர் பார்பரா கோர்ஷும் அவரது குழுவினரும் 800 சந்திப்புகளை நாடாவில் பதிந்தார்கள். அதோடு நிற்கவில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த தாய்மார்களிடம் தனியாகப் பேட்டியும் எடுத்தார்கள். இந்த நாடாவின் கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பேட்டிதான்.

முடிவுகள் 1968-ல் வெளிவந்தன. 76% பேர் திருப்தி என்றார்கள். ஆனால் நான்கில் ஒரு தாய், தன்னை அதிகம் அரித்துக்கொண்டிருந்த கவலையை டாக்டரிடம் சொல்லவே இல்லை. சொல்ல இடம் கிடைக்கவில்லை, கேட்பாரும் இல்லை. எத்தனை முறை ஓடவிட்டுக் கேட்டாலும் இது நாடாவில் அகப்படாது. பேசாத பேச்சை எந்தக் கருவி பதியும்? முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்கும் சோதனையை, நுரையீரலில் தேங்கிய நீரை வடிக்கும் ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்ட தாய்மார்களும் இருந்தார்கள். அறைக்குள் அவர்கள் தலையாட்டியிருப்பார்கள். இன்னொன்றும் தெரியவந்தது: சந்திப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்கும் தாயின் திருப்திக்கும் தொடர்பில்லை. நேரமில்லை என்ற சமாதானத்தை இன்றும் கேட்கிறோம். அதற்கான பதில் அப்போதே கிடைத்துவிட்டது.

அதே பத்தாண்டில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நாடா படம் பிடிக்கவும் கற்றிருந்தது. உரையாற்ற வந்த விருந்தினர்களை வீடியோவில் பதிந்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். தங்களைத் திரையில் பார்த்தவர்கள், அந்தந்த நொடியில் மனதில் ஓடியதையெல்லாம் வியக்கத்தக்க விவரத்தோடு சொன்னார்கள். உளவியலாளர் நார்மன் கேகன் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். எங்கே நிறுத்துவது என்பதைப் பதிவில் இருப்பவரே முடிவு செய்வார். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். ஆலோசகர்களுக்கான பயிற்சியாகப் பிறந்த இந்த முறை பிறகு மருத்துவக் கல்விக்கும் வந்து சேர்ந்தது.

பிரிட்டனில் பேட்ரிக் பெர்னும் பேரி லாங்கும் குடும்ப மருத்துவர்களின் 2,000-க்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகளைக் கேட்டு 1976-ல் புத்தகம் எழுதினார்கள். நோயாளி மாறினாலும் ஒரு டாக்டரின் பேச்சுப் பாணி அநேகமாக மாறுவதில்லை என்பது அவர்கள் கண்டது. 1984-ல் அமெரிக்காவில் பெக்மனும் ஃபிராங்கலும் 74 சந்திப்புகளின் பதிவுகளைக் கேட்டு நேரம் குறித்தார்கள். நோயாளி தன் குறையைச் சொல்ல ஆரம்பித்துச் சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கிட்டிருந்தார். குறுக்கீடு நேர்ந்த 51 சந்திப்புகளில், விட்ட இடத்திலிருந்து சொல்லி முடிக்க வாய்ப்புக் கிடைத்தது ஒரே ஒருவருக்கு.

பேச்சை எண்ண ஒலிநாடா போதும். பார்வையை அதில் எண்ண முடியாது. கிறிஸ்டியன் ஹீத் பிரிட்டனின் மருத்துவ அறைகளில் எடுத்த வீடியோக்களை நொடி நொடியாக ஆராய்ந்து 1986-ல் நூலாக்கினார். டாக்டரின் கண் நோயாளியின் கோப்புக்குத் தாழ்கிறது. நோயாளியின் பேச்சு பாதியில் தடுமாறுகிறது. டாக்டர் நிமிர்ந்ததும் மறுபடி தொடர்கிறது. ஒலிநாடாவில் இது வெறும் இடைவெளி. நோயாளிக்குப் பேசத் தெரியவில்லை என்றுகூட நினைக்கத் தோன்றும். படத்தில் பார்த்தால்தான், கேட்பவர் இல்லாததால் நின்ற பேச்சு அது என்று புரிகிறது. கோப்பு இருந்த இடத்தில் இன்று கணினித் திரை இருக்கிறது. ஹீத் கண்டதை ஒவ்வொரு இளம் டாக்டருக்கும் படமாகவே காட்ட வேண்டும் என்பேன்.

1990-களில் பிரிட்டனின் குடும்ப மருத்துவர் தேர்வுக்கே டாக்டர்கள் தங்கள் வீடியோக்களைக் கொடுக்கத் தொடங்கினார்கள். பயம் இருந்தது, அது நியாயமான பயம். அறைக்குள் மூன்றாவது கண் ஒன்று வந்துவிடுகிறதே! ஆகவே விதிகளும் வந்தன. பதிவுக்கு முன் நோயாளியின் சம்மதம் வேண்டும், முடிந்தபின் மறுபடியும் வேண்டும். அந்தரங்க உறுப்புகளைச் சோதிக்கும்போது படம் எடுக்கக் கூடாது.

2014, 2015-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் அந்த வட்டாரக் குடும்ப மருத்துவர்களிடம் வந்தவர்களைப் பதிந்து, வருங்கால ஆய்வுகளுக்கென ஒரு சேமிப்பகம் அமைத்தார்கள். அதில் சுமார் 300 சந்திப்புகள் இருக்கின்றன. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் நோயாளிகள் நிரப்பிய கேள்வித்தாள்களும் பதிவுகளுடனேயே இருக்கின்றன. என்ன கேட்க வேண்டும் என்று வந்தார்கள், அதில் எது பேசப்படாமல் போனது என்பதைப் பதிவையும் கேள்வித்தாளையும் அருகருகே வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.