டிக்கட் இல்லாத பஸ்: ஹசெல்ட்டும் தாலினும் சொல்லும் கதை

பஸ்ஸை இலவசமாக்கினால் கார்கள் குறையும், கார்கள் குறைந்தால் புகை குறையும் என்று சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் சில ஊர்கள் இதைச் செய்தே பார்த்துவிட்டன. கொஞ்சம் நீளமான பதிவு உறவுகளே, பொறுமையாக வாசியுங்கள்.

பெல்ஜியத்தில் ஹசெல்ட் என்றொரு நகரம். சனத்தொகை எழுபதாயிரம் அளவில்தான். 1990களில் நகர நிர்வாகம் கடனில் இருந்தது, வீதிகளிலோ கார் நெரிசல். இருக்கிற இரண்டு சுற்றுவட்ட வீதிகள் போதாதென்று மூன்றாவதையும் போடத் திட்டமிருந்தது. மேயர் ஸ்டீவ் ஸ்டெவார்ட் அதைக் கைவிட்டார். உள்வட்ட வீதியில் கார்களின் இடத்தைக் குறைத்து, மரம் நட்டு, நடப்பவர்களுக்குக் கொடுத்தார். 1997 ஜூலை 1 முதல் நகர பஸ்ஸில் டிக்கட் இல்லை.

அதற்கு முதல் வருடம் சுமார் 3 இலட்சத்து 60 ஆயிரமாக இருந்த பயணங்கள், பத்து வருடங்களுக்குள் 40 இலட்சத்தைத் தாண்டின. பலர் இந்த எண்ணிக்கையை மட்டும் பகிர்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் கட்டணத்தை எடுத்த கையோடு பஸ்களையும் வழித்தடங்களையும் பல மடங்கு கூட்டினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எமக்கு இது விளங்காத விடயமல்ல. 1940களில் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது, கட்டணத்தை நீக்கியதோடு நிற்கவில்லை; கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளையும் எழுப்பினார். பள்ளிக்கூடமே இல்லாத இடத்தில் கட்டணம் இல்லாமல் என்ன, இருந்தென்ன?

ஹசெல்ட்டில் செலவு ஏறிக்கொண்டே போக, 2013இல் இலவசம் நின்றது. இளையோருக்கு மட்டும் நீடித்தது.

அதே 2013 ஜனவரி 1ஆம் திகதி எஸ்தோனியாவின் தலைநகர் தாலின் ஆரம்பித்தது. முதல் வருடம் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, நான்கில் மூன்று பங்கினர் ஆம் என்ற பிறகுதான். நகரில் பதிவு செய்த குடியிருப்பாளர்களுக்கு மட்டும் இலவசம். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு: பதிந்தால் அவர்களுடைய வருமான வரியில் ஒரு பங்கு நகரத்துக்கு வரும்.

ஒரு வருடம் கழித்து ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். மொத்தப் பயணங்களில் பொதுப் போக்குவரத்தின் பங்கு 55 வீதத்திலிருந்து 63 ஆக ஏறியிருந்தது. காரின் பங்கு 31இலிருந்து 28 ஆக மட்டுமே இறங்கியிருந்தது. நடைப் பயணமோ 12இலிருந்து 7 ஆகிவிட்டது! பஸ்ஸுக்கு வந்தவர்களில் பெரும்பகுதி காரை விட்டு இறங்கியவர்கள் அல்ல, நடந்து போனவர்கள். நடப்பவர் புகை விடுவதில்லையே. கார் வைத்திருப்பவருக்கு டிக்கட் காசு ஒரு பெரிய விடயமே அல்ல, அவர் பார்ப்பது நேரத்தையும் வசதியையும்தான் என்பது என் கணிப்பு.

அதற்காக இதைத் தோல்வி என்று தள்ள நான் தயாரில்லை. வருமானம் குறைந்தவர்களும் முதியவர்களும் முன்பைவிட அதிகமாகப் பயணம் செய்தார்கள். அது தனியான ஒரு நியாயம். கார்பன் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

2020 பெப்ரவரி 29ஆம் திகதி லக்சம்பேர்க் முழு நாட்டிலும் பஸ், ட்ராம், ரயில் எல்லாவற்றையும் இலவசமாக்கியது, ரயிலின் முதலாம் வகுப்பைத் தவிர. அங்கே டிக்கட் வருமானம் முன்பிருந்தே மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பணக்கார நாடு, தாங்கிக்கொண்டது.

தினமும் காலையில் பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகிறவர்களிடம் ஒரு கேள்வி: கட்டணம் இல்லாமல் போவது முதலில் வேண்டுமா, அடுத்த பஸ் நேரத்துக்கு வருவது முதலில் வேண்டுமா? கீழே எழுதுங்கள்.