உறுதி சான்றாகும் வகை

மன்னார்ப் பெருநிலத்தில், நானாட்டான் பகுதியைச் சேர்ந்த ஊர் நறுவிலிக்குளம். மரத்தின் பெயரும் குளத்தின் பெயரும் கூடி ஊரின் பெயராயின. நறுவிலிப் பழத்தின் சதை பசை போன்றது. கடைப்பசை எளிதிற் கிட்டாத காலத்தில் தாளோடு தாளை ஒட்டுவதற்கு நம் நாட்டார் இப்பழத்தையே நாடினர். இரண்டு தாள்களை ஒட்டுவதற்கு ஒரு பழம் போதும். ஆனால் ஒரு தாளையும் ஒரு மனிதனின் உரிமையையும் நீதிமன்றத்தில் ஒட்டிக் காட்டுவது எளிதன்று. அந்த ஒட்டு எவ்வாறு உண்டாயிற்று, எங்கே விட்டுப் போயிற்று, இன்று எவ்வாறு மீண்டும் ஒட்டப்படுகின்றது என்பதே இவ்வரலாறு.

பழங்காலத்தில் காணியின் உரிமைக்கு ஊரறிவே முதற்சான்று. யார் உழுதார், யார் வேலி அடைத்தார், யார் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தார் என்பதை அயலார் அறிவர். எழுத்து வேண்டிய இடத்திற் பனையோலை உதவியது. ஒல்லாந்தர் 1658-ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றிய பின்னர் இந்த ஊரறிவை எழுத்திற் கொண்டுவர முயன்றனர். யாழ்ப்பாணத்தில் நெடுநாள் பணியாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1707-ஆம் ஆண்டில் தேசவழமையைத் தொகுத்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. பன்னிரண்டு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்பினர். காணி விற்க விரும்புவோர் தம் எண்ணத்தைத் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிற் கோயிலில் அறிவித்தல் வேண்டும் என்ற ஒழுங்கும் அத்தொகுப்பிற் காணப்படுகின்றது. மறுப்புடையவன் எழுந்து சொல்வதற்கு மூன்று வாய்ப்புகள். எழுத்து வந்த பின்னரும், பலர் அறியச் செய்த செயலே நம்பத்தக்கது என்ற கொள்கை மாறவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் இக்கொள்கை வேறு வடிவம் பெற்றது. 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், காணி விற்பனையும் ஈடும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகள் கூடியிருக்கக் கையொப்பமிடப்பட்டால் மட்டுமே செல்லும் என விதித்தது. ஊரின் இடத்தில் நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வந்தமர்ந்தனர். 1907-ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் மேலும் ஒரு காப்பினை அளித்தது. மூலப் பிரதி காணி பெற்றவரிடம் செல்லும். ஒரு பிரதி நொத்தாரிசின் கோவையிற் கிடக்கும். மற்றொன்று காணிப் பதிவகத்தை அடையும். ஒன்று எரிந்தால் மற்றது பேசும் என்பதே இதன் உட்பொருள். பிற்காலத்தில் இந்த ஏற்பாட்டின் அருமை மன்னார் மக்களுக்கு நன்கு தெரிந்தது.

எனினும், உறுதி பெட்டியில் இருப்பதாலேயே அது சான்றாகிவிடாது. 1889-ஆம் ஆண்டின் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையும், 1895-ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டமும் அதற்குரிய வழியை வகுத்தன. ஆவணங்களின் பட்டியலை விளக்கத்திற்கு முன்னரே நீதிமன்றத்திற் கொடுத்து, எதிர்த்தரப்பிற்கும் அறிவித்தல் வேண்டும். விளக்க நாளிற் சாட்சி கூண்டில் ஏறி, தாளைக் கையில் வாங்கி, இன்னதென அடையாளம் காட்டுவார். வழக்காளியின் ஆவணம் 'பீ 1' என்றும் எதிராளியின் ஆவணம் 'டீ 1' என்றும் குறிக்கப்படும். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், உறுதியிற் கையொப்பமிட்ட சாட்சிகளுள் ஒருவரையேனும் அழைத்து அதனை மெய்ப்பித்தல் வேண்டும். முப்பது ஆண்டு கடந்து, இருக்க வேண்டியவர் கையிலிருந்தே வரும் பழைய ஆவணத்திற்கு மட்டும் சட்டம் ஒரு சலுகை தந்தது. அதனை உண்மையானதென நீதிமன்றம் ஊகித்துக் கொள்ளலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆவணம் எங்கேயிருந்து வந்தது, இடையில் யார் கையில் இருந்தது என்ற தொடர்ச்சியே அதன் வலிமை.

போர் அறுத்தெறிந்தது இந்தத் தொடர்ச்சியையே. மன்னார்க் கரையோரத்திலும் உட்புறத்திலும் வாழ்ந்தோர் 1980-களிலிருந்து பலமுறை இடம்பெயர்ந்தனர். 1990-ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். மன்னார் முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். குழந்தையைத் தூக்குவதா, உறுதிப் பெட்டியைத் தூக்குவதா என்ற நிலையில் ஓடியவர்கள் பெட்டியை விட்டுச் சென்றதில் வியப்பில்லை. உறுதி அழிந்தது, சாட்சிகளுட் சிலர் மாண்டனர், சிலர் கடல் கடந்தனர். இதற்கிடையில் 1871-ஆம் ஆண்டின் 22-ஆம் இலக்கச் சட்டமும் ஓடிக்கொண்டிருந்தது. பத்தாண்டு இடையறாது, உரிமையாளனுக்கு மாறாக ஒரு காணியை ஆண்டவன் அதற்கு உரித்துக் கோரலாம் என்பது அச்சட்டம். அகதி முகாமிற் கழிந்த ஆண்டுகள் மற்றொருவனின் உரிமையாக வளர்ந்தன.

இவ்வநீதியை ஓரளவேனும் களைவதற்கு 2016-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, ஆயுதக் குழுக்களின் செயல்களால் நீதிமன்றத்தை நாட முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அக்காலம் பத்தாண்டுக் கணக்கிற் சேராது எனவும், அச்சட்டம் வகுத்த வரம்புக்குள் அவர்கள் வழக்குத் தொடுக்கலாம் எனவும் அது விதித்தது. 2022-ஆம் ஆண்டின் 17-ஆம் இலக்கச் சட்டம் குடியியல் நடைமுறைச் சட்டக்கோவையைத் திருத்தியது. உரிய முறையில் நிறைவேறியதாகத் தோன்றும் உறுதியை எதிர்த்தரப்பு உரியவாறு மறுத்தாலன்றி, சாட்சிகளை அழைத்து மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பது அத்திருத்தத்தின் சாரம். சாட்சி இறந்தமையால் உண்மையும் இறந்துவிடலாகாது என்பதைச் சட்டம் இவ்வாறு ஏற்றுக்கொண்டது.

இனித் தாளே இல்லாத சான்றின் காலம். இலங்கையில் 1995-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சட்டம் ஒலிப்பதிவையும் கணினிப் பதிவையும் சான்றாக ஏற்க வழி திறந்தது. ஆனால் அவற்றைக் கொண்டுவர எண்ணுபவர், விளக்கத்திற்கு நாற்பத்தைந்து நாள் முன்னரே எதிர்த்தரப்பிற்கு அறிவித்தல் வேண்டும் என்றது. அன்று கோயிலில் மூன்று ஞாயிறு. இன்று நாற்பத்தைந்து நாள். நோக்கம் ஒன்றே. 2006-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்பதிவுகளுக்குச் சட்ட மதிப்பு அளித்தபோதும், காணி விற்பனையையும் மரண சாசனத்தையும் விலக்கியே வைத்தது.

அண்டை நாடாகிய இந்தியாவில், உச்ச நீதிமன்றம் 2006 ஒக்டோபர் 2 முதல் இணையவழித் தாக்கலை ஏற்கத் தொடங்கியது. நமது 1895-ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மூலமாயிருந்த 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் 2024 ஜூலை 1 அன்று விடைபெற்றது. அதன் இடத்தில் வந்த புதிய சட்டம், மின்பதிவோடு ஒரு சான்றிதழையும், ஹாஷ் எனப்படும் எண்முத்திரையையும் கேட்கின்றது. பதிவில் ஓரெழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும், திருத்தம் வெளிப்பட்டுவிடும்.

இணையவழித் தாக்கலுக்கு ஆவணம் ஆயத்தஞ் செய்வோர் கொள்ள வேண்டிய கவனம் பழைய கவனத்தின் தொடர்ச்சியே. உறுதியின் முன்பக்கத்தை மட்டும் பிடித்தாற் போதாது. பின்பக்கத்திலுள்ள பதிவகக் குறிப்பையும் முத்திரையையும் சேர்த்தே படம்பிடித்தல் வேண்டும். பக்கங்களுக்குத் தொடர் எண் இட்டு, பட்டியலிற் குறித்த அதே அடையாளத்தை ஆவணத்திலும் இடல் வேண்டும். படம் அனுப்பிய பின் மூலத்தை எறிந்துவிடலாகாது. மறுப்பு எழுந்தால் நீதிமன்றம் கேட்பது மூலத்தையே.

நறுவிலிக்குளத்து உழவர் ஒருவருக்குக் கணினி இல்லாதிருக்கலாம். அவர் இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. உறுதியின் இலக்கத்தையும், தேதியையும், நொத்தாரிசின் பெயரையும் வீட்டில் இருவர் அறியச் செய்து வைத்தல். பெட்டி தொலைந்தாலும் அம்மூன்றையுங் கொண்டு பதிவகத்திற் பிரதி தேடலாம். அங்கிருந்து வரும் அத்தாட்சிப் பிரதி நீதிமன்றத்தில் அவருக்காகப் பேசும்.