வடகடலும் காவற் படகுகளும்

கரவெட்டி கடற்கரையூர் அன்று. வயலும் தோட்டமும் பனங்கூடலும் சூழ்ந்த அவ்வூரார் கடல் காணச் சில மைல் வடக்கே வல்வெட்டித்துறைக்கோ பருத்தித்துறைக்கோ செல்லுதல் வேண்டும். ஆயினும் வடமராட்சியின் வரலாற்றில் கரையையும் உள்ளூரையும் பிரித்து நோக்குதல் இயலாது. அதற்கு இக்கடலில் உலாவிய காவற் படகுகளின் கதை ஒரு சான்று.

அரச இலங்கைக் கடற்படை 1950 திசெம்பர் 9 இல் அமைந்தது. திருகோணமலைத் தளத்தை 1957 இல் பிரித்தானியர் கையளித்தனர். வடக்கே காரைநகரில் தளங்கொண்ட படையினர் காத்து நின்றது எந்தப் பகைநாட்டுப் போர்க்கப்பலையும் அன்று, தோணிகளையே. 1952 இல் ‘மொன்டி’ என்னும் பெயரிற் தொடங்கிய நடவடிக்கை, 1963 இல் சட்டவிரோதக் குடிவரவுத் தடுப்புப் படையாக விரிந்து 1981 வரை நீடித்தது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்ததை இங்கு நினைவுகூரலாம். அத்தகைய மாலுமி மரபினருக்கு நீரிணை ஒரு தெரு. அரசுக்கோ அது வேலி. ‘கள்ளத்தோணி’ என்ற சொல் படகைக் குறிப்பதை விட்டு மனிதரைக் குறிக்கும் வசைச்சொல்லாய் மாறியதும் இக்காலத்தின் விளைவே.

1980களில் இஸ்ரேலிய ‘டோரா’ விசைப்படகுகள் வந்தன. கரவெட்டியை அடுத்த நெல்லியடியில் 1987 யூலை 5 அன்று இராணுவ முகாம்மீது விடுதலைப் புலிகள் வெடிமருந்து ஏற்றிய வாகனத்தை மோதினர். மூன்றாண்டுகள் கழிந்து, 1990 யூலை 10 இல், வல்வெட்டித்துறைக் கடலில் அதே முறை படகேறியது. ரோந்துப் படகுகளுக்குத் தாய்க்கப்பலாய் நின்ற ‘எடித்தர’ அன்று சேதமுற்றது; 1995 யூலை 16 இல் காங்கேசன்துறைத் துறைமுகத்தில் அது மூழ்கடிக்கப்பட்டது.

காவலுக்கே காவல் வேண்டிய நிலை இவ்வாறு பிறந்தது. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானியர் திருகோணமலையை வானிலிருந்து தாக்கினர். 1995 ஏப்ரல் 19 இலோ ஆபத்து நீரடியில் வந்தது: துறைமுகத்துள் நின்ற ‘சூரய’, ‘ரணசுரு’ என்னும் இரு பீரங்கிப் படகுகள் சுழியோடிகளால் தகர்க்கப்பட்டன. குன்றின்மேற் பீரங்கிகள் இதற்கு உதவா. இரவெல்லாம் சிறுபடகுகள் துறைமுகத்தைச் சுற்றிவந்து, சுழியோடிகளை விரட்டச் சிறு வெடிகளை நீரில் இடுவது வழக்கமாயிற்று. ஏடன் துறைமுகத்தில் அமெரிக்க நாசகாரிக் கப்பலான ‘கோல்’ ஒரு சிறுபடகினால் தாக்குண்டு 17 மாலுமிகள் மாண்டது 2000 ஒக்டோபர் 12 இலாகும். வல்லரசு அன்று கற்றதை வடகடல் பத்தாண்டுகள் முன்னரே கண்டிருந்தது.

பிரித்தானியாவிற் போட்ஸ்மத், கிளைட் முதலிய தளங்களின் நீர்ப்பரப்பைப் பாதுகாப்பு அமைச்சின் பொலிஸ் படகுகள் காக்கின்றன. அங்கு பொலிஸார் செய்யும் பணியை இங்கு கடற்படையே மேற்கொண்டது. போர்க்காலத்தில் நடைபெற்றமையால் அக்காவல் தளத்தின் வாயிலோடு நில்லாது கடல் முழுதும் பரந்தது. மீன்பிடித் தடையும் அனுமதிச் சீட்டும் கரையோரக் குடும்பங்களின் அடுப்பைத் தொட்டன. சந்தையில் மீன் அருகியபோது உள்ளூராரும் அதனை உணர்ந்தனர். கப்பலைக் காத்தமைக்கு இராணுவ நியாயம் உண்டு. அதற்குரிய விலையைச் செலுத்தியோர் கணக்கிற் சேர்க்கப்படவில்லை.

காங்கேசன்துறையை அடுத்துள்ள மயிலிட்டியின் மீனவர் 1990 இல் இடம்பெயர்ந்தனர். உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கிய அவர்களது துறைமுகம் 2017 யூலை 3 இலேயே, 27 ஆண்டுகளின் பின்னர், விடுவிக்கப்பட்டது.