கட்டைக்கூத்து: ஒரு பெயரின் வழக்கு

பங்குனி பிறந்தால் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் நோட்டீஸ்கள் சுவரேறிவிடும். மேலே 'அக்னி வசந்த மகோற்சவம்' என்று பெரிய எழுத்து. கீழே, பகலில் மகாபாரதச் சொற்பொழிவு, இரவில் மகாபாரத நாடகம். நோட்டீஸில் 'நாடகம்' என்றிருப்பதைப் பார்க்கக் கிளம்புகிறவரோ "கூத்துக்குப் போறேன்" என்பார். மறுநாள் அதைப் பற்றிச் செய்தி வந்தால் 'தெருக்கூத்து' என்று அச்சாகும். விடிய விடிய வேஷம் கட்டி ஆடியவரைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் பலரும் 'கட்டைக்கூத்து' என்பார்கள்.

ஓர் இரவின் ஆட்டத்துக்கு நான்கு பெயர். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கூட்டம் வைத்திருக்கிறது. அதனாலேயே இந்தப் பெயர்களை ஆராய வேண்டியிருக்கிறது.

நான்கில் மூத்தது 'கூத்து'. தொல்காப்பியப் புறத்திணையியல் கூத்தரைப் பாணர், பொருநர், விறலியரோடு சேர்த்து வைக்கிறது. பத்துப்பாட்டில் மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றே இன்னொரு பெயர் உண்டு. அதன் தலைவன் நன்னனுடைய செங்கண்மாதான் திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் என்பார்கள். அந்த மாவட்டத்தில் இன்றும் கூத்து நடக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் வேத்தியல், பொதுவியல் என்று கூத்தை இரண்டாகப் பிரிக்கிறார்: ஒன்று அரசனுக்கு ஆடுவது, மற்றது எல்லோருக்கும் ஆடுவது. சோழர் கல்வெட்டுகளில் கூத்தாடுவோருக்கு விட்ட நிலத்துக்குக் கூத்துக்காணி என்று பெயர். தில்லையில் ஆடும் இறைவனே கூத்தன்.

அப்படி இருந்த சொல் இன்று எந்த நிலையில் இருக்கிறது? "என்ன கூத்து இது" என்று சலித்துக்கொள்கிறோம். ஒழுங்கில்லாமல் திரிகிறவன் 'கூத்தடிக்கிறான்'. நடிகரைத் திட்ட வேண்டுமென்றால் 'கூத்தாடி'. ஆடுகிறவர்களின் நிலமும் மதிப்பும் போன பிறகு அவர்களுடைய சொல்லும் கீழே இறங்கியது என்றே நினைக்கிறேன். காணியோடு இருந்தவரை அந்தச் சொல்லை யாரும் வசையாக்கவில்லை.

காஞ்சி வட்டாரத்துக்கு இதில் தனி உரிமை உண்டு. நகருக்கு வடக்கே உள்ள கூரம் என்ற ஊரில் கிடைத்த செப்பேடு, 7-ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனுடையது. அந்த ஊர்க் கோயில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று அதில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. பாரதக் கதையை ஊர் கூடிக் கேட்பது இந்த மண்ணில் குறைந்தது 1,300 ஆண்டுப் பழக்கம். பகலில் பாரதம் சொல்வதும், இரவில் அதையே ஆடுவதும், கடைசியில் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனனைச் சுற்றி ஊரே கூடுவதும் அந்தப் பழக்கத்தின் வழிவந்தவை.

அடுத்தது 'தெரு'. நகரத்துக்காரர் காதில் இது கொஞ்சம் தாழ்ந்த சொல். காஞ்சிபுரத்தில் அப்படியில்லை. பிள்ளையார்பாளையத்தில் காலையில் பட்டுப் பாவு நூலை நீளவாக்கில் விரிப்பது தெருவில்தான். வரதர் கருடசேவைக்கு எழுந்தருளுவதும் தெருவில்தான். ஆகவே தெரு என்ற சொல்லால் கூத்துக்கு இழுக்கு வந்துவிட்டது என்று வாதாட நான் வரவில்லை. சொல் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. இரவுக் கூத்து ஓர் இடத்தில் நின்று ஆடுவது. கோயில் திடலோ, அறுவடை முடிந்த வயலோ களமாகும். மூன்று பக்கமும் சனம் பாயை விரித்து உட்கார்ந்திருக்கும். இந்தக் கலையை இங்கேயே தங்கி ஆராய்ந்த நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் ஹன்னே டி புருய்ன் முக்கியமான ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். மாரியம்மன் திருவிழா ஊர்வலத்தோடு தெருத்தெருவாக நகர்ந்து ஆடுவது தெருக்கூத்து. ஓரிடத்தில் இரவு முழுக்கக் கதை நடத்துவது கட்டைக்கூத்து. வெளியிலிருந்து எழுதியவர்கள் இரண்டையும் ஒரே பெயரில் கட்டிவிட்டார்கள். பிறகு கட்சிகளும் இயக்கங்களும் நடத்திய வீதி நாடகம் வந்தது. தெருவும் வீதியும் ஒன்றுதானே என்று அதையும் இதையும் குழப்பிக்கொண்டவர்கள் பலர்.

இனி 'கட்டை'. இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள ஒப்பனை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். அரிதாரம் பூசி முடித்தவருக்கு முதலில் இடுப்பில் பாவாடை ஏறும். அதன் பிறகு மர அணிகள். தோள் இரண்டிலும் சிறகு விரித்ததுபோல் நிற்பவை புஜக்கட்டை. நெஞ்சை மூடுவது மார்பதக்கம். தலைக்குக் கிரீடம். எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டியவை. ஒவ்வொன்றையும் கயிற்றால் இறுக்கிக் கட்ட வேண்டும், கட்டிவிட இன்னொருவர் வேண்டும். முடிச்சு தளர்ந்தால் ஆடும்போது கட்டை தோளில் இடிக்கும், இறுகினால் மூச்சுப் பிடித்துப் பாட முடியாது. இத்தனையையும் சுமந்துகொண்டுதான் அவர் கிறிக்கி அடிக்க வேண்டும், அதாவது நின்ற இடத்திலேயே சுழல வேண்டும். ஒரு காலத்தில் தீப்பந்த வெளிச்சத்திலும் பிறகு பெட்ரோமாக்ஸிலும் மின்னிய அந்தக் கண்ணாடிச் சில்லுகள் இன்று குழல்விளக்கில் மின்னுகின்றன.

இந்த மர அணிகளுக்கு மொத்தப் பெயர் கட்டை. துரியோதனன், கர்ணன், துச்சாதனன், இராவணன், இரணியன் போன்ற வேஷங்கள் கட்டை வேஷம். கூத்தின் கோமாளியான கட்டியக்காரனுக்குக் கட்டை இல்லை, பெண் வேஷத்துக்கும் இல்லை. கட்டை வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடத் தொடங்கும்போதே தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைத் தட்டி எழுப்பிவிடுவார்கள். கூத்தின் உயிர் அந்த வேஷத்தில் இருப்பதால் கூத்துக்கே அந்தப் பெயர் வந்தது.

'கட்டை' என்றதும் சிலர் குட்டை என்று பொருள் கொள்கிறார்கள். வேறு சிலர் ஆர்மோனியத்தில் நாலு கட்டை, ஐந்து கட்டை என்று சுருதி சொல்கிறோமே, அதுவோ என்கிறார்கள். முகவீணையோடு சேர்ந்து உச்சத்தில் பாடும் கலை என்பதால் அந்த ஊகம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் வந்தது மரத்திலிருந்து.

இந்தப் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோனது காஞ்சிபுரத்தில் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம். பெருங்கட்டூர் பி. ராஜகோபால் அதன் முன்னோடி. தந்தையின் குழுவில் சிறுவயதிலேயே வேஷம் கட்டத் தொடங்கியவர். 2002-இல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் சங்கம் ஒரு குருகுலம் அமைத்தது. பிள்ளைகள் பள்ளிப்பாடமும் கூத்தும் சேர்ந்தே படித்தார்கள். ஆண்களே பெண் வேஷம் கட்டிவந்த கலையில் பெண்பிள்ளைகள் கட்டை கட்டி ஆடினார்கள். 2020-இல் குருகுலம் மூடப்பட்டது. அது பெரிய இழப்பு. டி புருய்ன் இந்தக் கலை பற்றி எழுதிய ஆங்கில நூல் 1999-இல் வெளிவந்தது. அதன் தலைப்பும் 'கட்டைக்கூத்து' என்றே தொடங்குகிறது.

அதற்காகத் 'தெருக்கூத்து' பொய்ப்பெயர் என்று தள்ளிவிட முடியாது. செய்யாறு பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் தங்கள் மன்றத்தின் பெயரிலேயே தெருக்கூத்து என்று வைத்திருக்கிறார்கள். 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமியை ஈர்த்தது புரிசைக் கூத்து. அவரோ தெருவையும் கட்டையையும் விட்டுவிட்டுக் கூத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். காஞ்சிபுரத்துக்கும் புரிசைக்கும் அதிக தூரமில்லை. இங்கே ஒரு பெயர், அங்கே ஒரு பெயர். இரண்டும் கலைஞர்கள் தாங்களே ஏற்றுக்கொண்டவை, இரண்டுக்கும் மரியாதை உண்டு. பெருங்கட்டூர்க் குழுவே 'பொன்னுசாமி நாடக மன்றம்' என்ற பெயரில்தான் மேடையேறியது. நோட்டீஸில் வரும் 'நாடகம்' அச்சுக்காரர் இட்டதல்ல, குழுக்களின் பழைய பெயர்தான்.

சொல்லாராய்ச்சியில் மூத்த சொல்லே சரியான சொல் என்று தீர்ப்பெழுதும் வழக்கம் உண்டு. கலையின் பெயரில் அந்த அளவுகோல் உதவாது. யார் தோளில் கயிற்றின் தழும்பு இருக்கிறதோ அவர் சொல்லும் பெயரே சரியான பெயர். காஞ்சி வட்டாரத்தில் அது கட்டைக்கூத்து.

திருவிழாக் குழுவினருக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் பங்குனியில் தாம்பூலம் கொடுக்கும்போதே கூத்து வாத்தியாரிடம் "உங்கள் ஆட்டத்துக்கு என்ன பெயர் போடட்டும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே அச்சிடுங்கள், அவர் பெயரையும் சேர்த்து.